அடுப்பு மூட்டக்கூடாத நேரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை. லண்டன் வால்தம்ஸ்டோவில் கவுன்சிலின் இளைஞர் பகுதியில் எனக்கு வேலை கிடைத்ததே அந்தக் கோபத்தால்தான். நேர்முகத்தில், இளைஞர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் பெரியவர்கள் மண்டபம் எடுத்து, மாலை போட்டு, மைக்கைப் பிடித்தால் விடாமல் பேசிவிட்டு, பிள்ளைகளைத் தேத்தண்ணி கொடுக்க மட்டும் கூப்பிடுகிற கதையை நான் மூச்சுவிடாமல் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கிழமையே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

நான் லண்டனுக்கு வந்தது எண்பத்துநான்கில், பதினாறு வயதில். அண்ணையும் நானும் ஒரே அறையில், நடுவில் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு இருந்தோம். கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒவ்வொரு கிழமையும் வந்திறங்கிக்கொண்டிருந்த காலம். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் இங்கே பெட்ரோல் ஷெட்டில் நின்றார். சிங்களவர்களும் இதே நகரத்தில்தான் இருந்தார்கள். ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே ஷிப்ட், ஒரே பஸ், மாசிக் கருவாடு வாங்க ஒரே கடை. ஆனால் கண்டும் காணாத மாதிரிப் போவதில் இரண்டு பக்கமும் கெட்டிக்காரர். எண்பதுகள் முழுக்க அப்படியே போயின.

பெரியவர்கள் காணாத மாதிரி இருந்தார்கள். பிள்ளைகள் அப்படி இருக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கிரிக்கெட் ஆட்டம் முடிந்து வரும்போது, கல்லூரிக்கு முன்னாலிருந்த பஸ் தரிப்பில் தமிழ்ப் பொடியன்களும் சிங்களப் பொடியன்களும் அடிபட்டார்கள். ஒருவனுக்குப் பல் போனது. இன்னொருவனுக்குப் புருவம் கிழிந்தது. இருவருமே நாட்டைவிட்டு வரும்போது சப்பாத்து நாடா கட்டத் தெரியாத வயது. யாருடைய கோபத்தை யாருக்காகத் தோளில் காவுகிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்லூரி கவுன்சிலுக்குச் சொன்னது, கவுன்சில் என்னைக் கூப்பிட்டது. என் மேலதிகாரி நல்ல மனுஷி, ஆனால் நீளமான சொற்களில் பிரியம். உள்நாட்டுப் போருக்குப் பின்னர் சமாதானத்தைக் கட்டியெழுப்புவதில் இளைஞர்களை ஈடுபடுத்துதல் என்று திட்டத்துக்குப் பெயர் வைத்தார். போர் இன்னும் முடியவில்லையே என்றேன். முடிகிற அன்றைக்கு ஆட்கள் தயாராக இருக்க வேண்டாமா என்று கேட்டார். முதலில் கடித்துக் குதறாமல் ஒரு அறைக்குள் இருக்கட்டும், மற்றதைப் பிறகு கட்டுவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மாரியில் ஊரில் போர்நிறுத்தம் வந்தது. பேச்சுவார்த்தை நடந்தது. ஈஸ்ட் ஹாமில் எங்கள் ஆட்களின் கடைக்குக் கடை, இனி எல்லாம் சரி என்ற பேச்சு. கொழும்புக்கு டிக்கெட் விசாரித்தவர்களும் உண்டு. அந்த நல்ல காலத்தைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமைப் பின்னேரங்களில் வால்தம்ஸ்டோவில் ஒரு சமூக மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கொண்டுவந்து இருத்தினேன். முதல் நாள் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு சுவரோடும் சிங்களப் பிள்ளைகள் மற்றச் சுவரோடும் இருந்தார்கள். நடுவில் நான் வாங்கிய பிஸ்கட் பெட்டி திறந்தபடியே கிடந்தது.

அவர்களை ஒன்றாக்கியது நான் இல்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை, பெருமைதான். நான் கவுன்சில் தந்த விளையாட்டுகளை எல்லாம் செய்து பார்த்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடப்பது, பந்தை எறிந்து பெயர் சொல்வது. பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மூன்றாம் கிழமை, ஒரு வாக்குவாதம் முற்றியபோது, பதினேழு வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தி எழுந்து, இந்த அறைக்குள் இனி "உங்கடை ஆக்கள்" என்ற சொல்லை யாரும் எந்த மொழியிலும் சொல்லக்கூடாது என்றாள். சொன்னால் அன்றைக்கு எல்லோருடைய கோப்பையும் அவரே கழுவ வேண்டும். அதற்குப் பிறகு அதிகமாகக் கோப்பை கழுவியவள் நான்தான்.

அவளுக்கு நான் வைத்த பட்டப்பெயர் அப்புக்காத்து, ஊரில் வக்கீலுக்குச் சொல்கிற பெயர். எதற்கும் வழக்காடுவாள். எதிர்த்தரப்பில் அவளுக்குச் சரிசமமாக ஒரு சிங்களப் பொடியன் இருந்தான், அவளுடைய வயதுதான், கதவு நிலையில் தலை முட்டுகிற உயரம். அவனை நெட்டையன் என்பேன். தாய் நர்ஸ், தகப்பன் இல்லை. இவர்கள் இருவரும் வாதாடத் தொடங்கினால் மற்றப் பிள்ளைகள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். மெல்ல மெல்ல, வாதாடுவதற்காகவே இவள் அவனிடம் சிங்களமும் அவன் இவளிடம் தமிழும் பழகினார்கள். அவனுடைய தமிழைக் கேட்டால் எனக்குக் காது வலிக்கும். ஆனாலும் விடமாட்டான்.

அப்புக்காத்தின் தகப்பனை எனக்கு முன்னமே தெரியும். ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வெள்ளிக்கிழமை வந்திறங்கும் என்று அண்ணை என்னை அங்கேதான் அனுப்புவார். அதிகம் பேசமாட்டார். கொழும்பில் அவருக்கு இதைவிடப் பெரிய கடை இருந்தது. எண்பத்துமூன்று ஆடியில் அதைக் கொளுத்தினார்கள். உள்ளே அவருடைய தம்பி இருந்தார். அதற்குப் பிறகு மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தவர், வீட்டில் சிங்களம் என்ற சொல்லையே எடுக்க விடுவதில்லை. கடைக்கு வருகிற சிங்களவர்களுக்குச் சாமான் கொடுப்பார், ஆங்கிலத்தில், நிமிர்ந்து பார்க்காமல்.

மகள் சனிக்கிழமைகளில் கணக்கு வகுப்புக்குப் போவதாக அவரிடம் சொல்லியிருந்தாள். உண்மை தெரிந்ததும் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்:

"என்ரை தம்பியை எரிச்சவையின்ரை பிள்ளையளோடை என்ரை பிள்ளைக்கு என்ன கதை, தங்கச்சி?"

பதில் மகளிடமிருந்து வந்தது. கடைக்குப் பின்னால் பருப்பு நிறுத்துப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்தப் பொடியனுக்கு அப்ப ஐஞ்சு வயசு, அப்பா. எனக்கும் ஐஞ்சு வயசு."

அவர் தராசுத் தட்டைத் துடைத்தார். பிறகு, சித்திரைப் புதுவருஷத்துக்கு மண்டபத்தில் ஏதோ செய்யப்போகிறார்களாமே, அதற்கு ஒருநாள் வந்து பார்க்கிறேன் என்றார். மனதுக்குச் சரிவராவிட்டால் அன்றோடு அவள் போவதை நிறுத்த வேண்டும், பிறகு ஒருவரும் தன்னிடம் கேட்கக்கூடாது. மகள் அந்த இடத்திலேயே ஓம் என்றாள். பயந்தது நான்தான். அவள் போனால் சங்கிலி அறுந்த மாதிரி மற்றவர்களும் போய்விடுவார்கள் என்று தெரியும். அதைவிட, அவளுக்கு அந்தச் சனிக்கிழமைகள் எவ்வளவு வேண்டியிருந்தன என்றும் தெரியும். தன் சித்தப்பாவைப் பற்றி அவள் வாய்விட்டுப் பேசியது அங்கே மட்டும்தான்.

புதுவருஷக் கொண்டாட்டம் பிள்ளைகளின் யோசனை. தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே நாளில் வருகிற ஒரே பெருநாள் அது. வேறு எதைச் சேர்ந்து கொண்டாடுவது என்று நெட்டையன் கேட்டான். பெரியவர்களைக் கேட்டால் சண்டை வரும் என்று, ஒருவரையும் கேட்காமல் அவர்களே ஒழுங்கு செய்தார்கள். அப்புக்காத்து தகப்பனின் கடைக் கலண்டரைப் பார்த்து, ஊர் நேரத்தை லண்டன் நேரமாக மாற்றி, கோடைகாலத்துக்கு முன்னே தள்ளிய ஒரு மணித்தியாலத்தையும் மறக்காமல் சேர்த்துக் கணக்குப் போட்டாள். வருஷம் விடியப்புறம் பிறக்கும். மூலிகை அவித்த மருத்துநீர் வைத்து முழுகுகிற புண்ணிய காலம் பத்து மணியளவில் முடிந்துவிடும். பதினொரு மணிக்குப் பொங்கல் பானை வைக்கலாம். எல்லோருக்கும் ஒரே புதுவருஷம்தானே என்று சிங்கள வீடுகளுக்கும் அதே நேரத்தைச் சொல்லி அனுப்பினார்கள்.

ஒரே புதுவருஷம்தான். ஆனால் ஒரே மாதிரி இல்லை. அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நெட்டையனுக்கே தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சுடுகிற கொக்கிஸ் பலகாரம்தான்.

அந்த வருஷம் அது பெரிய வெள்ளிக்கிழமையில் வந்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற கிழவர், விடுமுறை நாள் என்று முணுமுணுத்துவிட்டு, ஒரு மணிவரைக்கும் என்று சொல்லித் திறப்புக் கொத்தைத் தந்தார். காலையில் தமிழ்க் குடும்பங்கள் கோயிலில் கொடுத்த மருத்துநீரை எலுமிச்சைப்பழச் சோடாப் போத்தலில் கொண்டுவந்து வைத்திருந்து தலையில் தடவிக் குளித்த ஈரத்தோடு வந்தார்கள். சிங்களக் குடும்பங்கள் வெள்ளை உடுத்து, துணியால் மூடிய தட்டுகளோடு வந்தார்கள். எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்கள், பல் தெரியாமல். அப்புக்காத்தின் தகப்பன் மனைவியைக் கடையில் விட்டுவிட்டுத் தனியாக வந்து, கதவுக்குப் பக்கத்தில் கடைசிக் கதிரையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தார்.

மண்டபத்துக்குப் பின்னால் தார் போட்ட சின்ன முற்றம். அங்கே காஸ் அடுப்பை வைத்து, கிழக்குப் பார்த்துப் பானையை ஏற்றினாள் அப்புக்காத்து. சூரியன் மேகத்துக்குள் எங்கேயோ இருந்தார். பால் சூடேறத் தொடங்கிய நேரம், நெட்டையனின் தாய் பின்கதவால் எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் மாறிப்போனது. மகனைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இன்னும் இரண்டு பெண்கள் வந்து பார்த்துவிட்டு, துணி மூடிய தட்டுகளைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

நெட்டையன் வெளிறிப்போய் என்னிடம் வந்தான். அது நோனகத நேரமாம். பழைய வருஷம் போய்ப் புது வருஷம் வருகிற இடைவெளி. அவர்களுக்கு அது எங்களுடைய புண்ணிய காலத்தைவிட நீளம், பன்னிரண்டரை தாண்டும்வரை கிடக்கிறது. அந்த நேரத்தில் அடுப்பு மூட்டக்கூடாது, சமைக்கக்கூடாது, சாப்பிடக்கூடாது. வருஷம் முழுக்கத் துன்பம் வரும். வேலை இல்லாத நேரம் என்பதால்தான் தமிழர் பார்த்துப் பார்த்து இந்த நேரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், சும்மா இருந்து கதைக்கலாம் என்று நினைத்து அம்மாக்கள் வந்திருக்கிறார்கள். பாற்சோற்றுக்கு அரிசியும் தேங்காய்ப்பாலும் தனியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், நேரம் வந்ததும் அடுப்பு மூட்ட. அடுப்பை அணைக்கச் சொல்லி அம்மா கேட்கிறார் என்றான்.

அதற்குள் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு விஷயம் போய்விட்டது. பொங்கல் பானையைப் பால் பொங்கமுன் இறக்குவதா? அதுவும் வருஷப்பிறப்பில்? அதைவிடப் பெரிய அபசகுனம் உண்டா? அணைக்காவிட்டால் அவர்களுக்குக் கூடாது, அணைத்தால் எங்களுக்குக் கூடாது. இரண்டு பக்கமும் குரல் உயர்ந்தது. அப்போது கடைசிக் கதிரையிலிருந்து அப்புக்காத்தின் தகப்பன் எழுந்து வந்தார். "நெருப்பை அணை" என்று சிங்களத்தில் சொன்னது அவருடைய காதில் விழுந்திருக்கிறது. மகளைப் பார்த்து ஒரு சொல்தான் சொன்னார்.

"வா, போவம்."

வாயைத் திறந்தால் யாரையாவது திட்டிவிடுவேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். கவுன்சிலில் படித்த ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அப்புக்காத்து அகப்பையைக் கையில் வைத்தபடி தகப்பனைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். பிறகு குனிந்து அடுப்பை அணைக்காமல் மிக மெல்லியதாகக் குறைத்தாள். அப்பா, கொஞ்சம் நில்லுங்கோ என்று சொல்லிவிட்டு நெட்டையனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். மற்றப் பிள்ளைகளும் ஓடிப்போனார்கள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் எல்லோரும் தலையைக் கூட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் சடசடவென்று பேசினார்கள். பெரியவர்கள் ஒருவரும் அவர்களுக்குக் கிட்டப் போகவில்லை. போக நினைத்த தமிழ்ச் சங்கத் தலைவர் ஒருவரை நான் பார்த்த பார்வையில் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

நெட்டையன் வந்து தாயிடம் கேட்டான். நோனகதயில் என்ன செய்யலாம்? கும்பிடலாம் என்றார் தாய். விகாரைக்குப் போகலாம், விளக்கு வைக்கலாம், புண்ணியம் செய்யலாம், அதற்காகத்தானே அந்த நேரம். அப்படியென்றால் இது சமையல் இல்லை, சூரியனுக்கு வைக்கிற பூசை என்றான் அவன். தாய் யோசித்தார். ஆனால் பொங்கிய உடனே எல்லோரும் சாப்பிடுவார்களே என்றார் அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண்.

அப்போதுதான் அப்புக்காத்து முன்னுக்கு வந்து, அந்தப் பெண்களைப் பார்த்து, சிங்களத்தில் பேசத் தொடங்கினாள். எனக்குக் கொஞ்சம்தான் விளங்கியது. முதல் வசனம் நன்றாகப் போனது. இரண்டாவதில் தடுக்கியது. மூன்றாவதில் சொல் வராமல் நின்றுவிட்டாள். யாரோ ஒருவர், கெட்ட எண்ணத்தில் இல்லை, சிரித்துவிட்டார். அவளுடைய காது சிவந்தது. வீட்டில் ஒரு சொல்லும் கேட்காத பிள்ளை, சனிக்கிழமைகளில் பொறுக்கியதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகும்?

அவள் விட்ட இடத்திலிருந்து அவளுடைய தகப்பன் பேசினார்.

தடங்கல் இல்லாத கொழும்புச் சிங்களம். கடை நடத்தியவரின் சிங்களம். அவர் அதைப் பேசி அவளே கேட்டதில்லை என்று பிறகு சொன்னாள். கையில் அகப்பை இருப்பதையே மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பேசியது நீளமும் இல்லை. நெட்டையன் எனக்குக் காதுக்குள் தன் கொலைத் தமிழில் சொன்னான்: இது சூரியனுக்குக் காட்டுவது. உங்கள் நேரம் முடியும்வரை தமிழரில் ஒருவரும் இதைத் தொடமாட்டார்கள். என் மகள் சொல்ல வந்தது அதைத்தான், சிரிக்காமல் கேளுங்கள்.

நெட்டையனின் தாய் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார், ஐயா கொழும்பில் எங்கே இருந்தீர்கள் என்று. அவர் தெருவின் பெயரைச் சொன்னார். கடை இருந்தது என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பானையின் பக்கம் திரும்பி நின்றார். மற்றப் பெண்கள் தட்டுகளைத் திரும்ப மேசையில் வைத்தார்கள். அப்புக்காத்து அடுப்பைக் கூட்டினாள். பால் பொங்கி வழிந்தது.

பிறகு தொடங்கியது பசி. விடிய வெறும் தேத்தண்ணியோடு வந்த தமிழர் எல்லோரும் ஆவி பறக்கிற பொங்கலைச் சுற்றி ஒன்றரை மணித்தியாலம் சும்மா இருந்தோம். நெய் வாசம் மண்டபம் முழுக்க. என் அண்ணை என்னை முறைத்த முறைப்பை இன்றைக்கும் மறக்கவில்லை. பிள்ளைகள் கயிறு இழுக்க ஆட்களைப் பிரித்தார்கள், கிழக்கு லண்டன் ஒரு பக்கம், மற்ற லண்டன் மறுபக்கம். சங்கத் தலைவர் விழுந்து எழும்பினார். வாழ்க்கையில் முதல்முறை அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

பன்னிரண்டரைக்கே திறப்பு வாங்க வந்துவிட்ட கிழவர் கதவில் நின்று பார்த்தார். மண்டபம் நிறைய ஆட்கள், மேசை நிறையச் சாப்பாடு, ஒருவரும் தொடவில்லை. பெரிய வெள்ளி விரதமா என்று என்னிடம் மெல்லக் கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னமே நெட்டையன் ஆமென்று தலையாட்டிவிட்டான். கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். இந்தக் காலத்தில் யார் இப்படி இருக்கிறார்கள், ஆறுதலாக இருங்கள், மூன்று மணிக்கு வருகிறேன் என்றார். பாற்சோற்று அடுப்பைத் தெற்குப் பார்த்து மூட்ட வேண்டும், தெற்கு எது என்று தாய்மார் தடுமாறியபோது, கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போனவரும் அவர்தான்.

பாற்சோறு வெந்து, பொங்கலோடு ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்டோம். பொங்கல் இறுகிப்போயிருந்தது. அதைவிட ருசியாக நான் ஒன்றும் சாப்பிட்டதில்லை. அப்புக்காத்தின் தகப்பன் நின்றபடியே சாப்பிட்டார். பாற்சோற்றில் உப்பு கொஞ்சம் குறைவு என்று நெட்டையனின் தாயிடம் சொன்னார். அந்த அம்மா சிரித்தார். நான் பொறுக்கமாட்டாமல் கிட்டப் போய், அடுத்த சனி அவளை விடுவீர்களா என்று கேட்டேன். பாப்பம் என்றார். பிடி கொடுக்காத மனுஷன். கையைக் கழுவிக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சனி வரமுன்னமே ஊரில் போர்நிறுத்தம் முறிந்தது. கடற்படைக் கப்பல்கள் மூழ்கியதையும், திரும்பச் சண்டை தொடங்கியதையும் ரேடியோவில் கேட்டோம். ஈஸ்ட் ஹாமில் கடைகள் எல்லாம் ஒரே நாளில் பழைய முகத்துக்குத் திரும்பின. மேலதிகாரி போன் எடுத்து, இந்தக் கிழமை கூட்டத்தைத் தள்ளிவைப்போமா என்று கேட்டார். நான் கத்திவிட்டேன். போர் முடிகிற அன்றைக்கு ஆட்கள் தயாராக இருக்க வேண்டும் என்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். சனி காலையில் நெட்டையனின் தாய் அழைத்தார். தன் ஒன்றுவிட்ட தம்பி கடற்படையில், இன்னும் செய்தி இல்லை என்றார். பஸ்ஸில் தமிழர் யாராவது மகனை ஏதும் செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, கோபிக்காதீர்கள், அவனை விடமாட்டேன் என்றார். கோபிக்க என்ன இருக்கிறது. நான் அழவும் இல்லை, மண்டபத்துக்குப் போய்க் கதிரைகளைச் சத்தம் வர இழுத்து வட்டமாகப் போட்டேன்.

சொன்ன நேரத்துக்கு நாலு பிள்ளைகள் வந்தார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர். அப்புக்காத்து வரவில்லை. அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, சரி தொடங்குவோம் என்று நான் வாயெடுக்க, வெளியில் வான் நிற்கிற சத்தம் கேட்டது. கடையின் பெயர் எழுதிய வெள்ளை வான். முன்கதவால் அப்புக்காத்து இறங்கினாள். பின்கதவை அவளுடைய தகப்பன் திறந்தார். வெங்காய மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, தலையைக் குனிந்துகொண்டு, நெட்டையன் இறங்கினான்.

பிள்ளைகள் இருவரும் உள்ளே போனார்கள். அவர் வாசலில் நின்று, இவன் வரமாட்டானாம் என்று மகள் சொன்னாள், வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தேன், ஆறு மணிக்கு நான் திரும்ப வந்து பொடியனைத் தாயிடம் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருக்கிறேன், பிந்தாமல் முடியுங்கோ என்றார். அந்த அம்மா மாட்டேன் என்றுதானே நின்றார், எப்படி விட்டார், என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் வான் திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னார்.

"நான் என்ரை மகளை உங்கடை மகன் இருக்கிற இடத்துக்கு விடுறன். நீங்கள் உங்கடை மகனை என்னோடை விடுங்கோ எண்டனான்."

அவர் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே அவர்கள் தொடங்கிவிட்டார்கள். அப்புக்காத்து முதலில் அவனுடைய மாமாவைப் பற்றிக் கேட்டாள். அவன் தமிழில் பதில் சொன்னான், பிழைபிழையாக, நிறுத்தாமல். ஒருவரும் திருத்தவில்லை. அந்தப் போர் முடிய இன்னும் எத்தனையோ வருஷம் கிடந்தது. ஆனால் அது முடிகிற அன்றைக்குத் தேவைப்படுகிற ஆட்கள் அன்றைக்கே அந்த அறைக்குள் இருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால் அடக்க முடியாத பெருமையாக இருந்தது.